உள்ளே பெய்யும் மழை: கொட்டகைச் சாய்ப்போடு நான்கு குளிர்காலம்

போன வாரம்தான் சாய்ப்பின் கூரைத் தகரம் எட்டையும் கழற்றித் திரும்ப மாட்டி முடித்தேன். கழுத்து இன்னும் இடப்பக்கம் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க கொட்டகைக்கு நீங்களே சாய்ப்பு இறக்கினீங்கல்ல? நானும் தரை உறையறதுக்குள்ள ஒண்ணு இறக்கிடலாம்னு இருக்கேன். உங்களோடது எப்படி இருக்கு?" அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் அவரை வைதிருப்பேன். பாவம், அவர் என்ன செய்தார். அதனால் எழுதிவிடுகிறேன்.

அளவுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் தென்பகுதி. ஏற்கெனவே நின்ற கொட்டகை 30க்கு 40 அடி. அஸ்திவாரச் சுவர் கிடையாது, தூண்களை மண்ணில் ஊன்றி எழுப்பியது, இங்கே 'போல் பார்ன்' (pole barn) என்பார்கள். அதன் நீளவாட்டுச் சுவரை ஒட்டி 12 அடி அகலம், 24 அடி நீளத்தில் சாய்ப்பு. 12 அடிக்கு 3 அடி வாட்டம். வெளிவரிசையில் எட்டடிக்கு ஒன்றாக நாலு தூண். மூன்று பக்கமும் தகரச் சுவர், ஒரு முனையில் கதவு, தரையில் சரளைக்கல். விறகு, பனி தள்ளும் இயந்திரம், புல் வெட்டும் வண்டி எல்லாம் இதற்குள்தான்.

முதலில் தூண்களைப் பற்றி. திட்ட மனமில்லாத பகுதி அது ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் மண் ஆழமாக உறையும். மின்னசோட்டாவின் கட்டட விதி தென்பகுதிக்கு 42 அங்குலம், வடபகுதிக்கு 60 அங்குலம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அடித்தளம் அதற்குக் கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணிலிருக்கும் தண்ணீர் அடுக்கடுக்காகக் கட்டியாகி, தூணைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும். தனிக் கொட்டகையென்றால் மொத்தமும் கொஞ்சம் தூக்கி இறங்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். சாய்ப்பு அப்படியில்லை. பழையது அசையாமல் நிற்கும், புதியது மட்டும் எழும்பும். இரண்டும் சேருமிடம் கிழியும்.

நான் 48 அங்குலம் தோண்டினேன். தோண்டினேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். முதலில் 811க்குப் போன் செய்தேன், மண்ணுக்கடியில் போகும் கம்பி, குழாய்களைத் தோண்டுவதற்கு முன் அடையாளம் காட்டித் தரும் எண் அது. ஆட்கள் வந்து புல்லில் சாயம் அடித்துவிட்டுப் போகும் வரை காத்திருந்தேன். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர். என் இரண்டாம் தூண் வரவேண்டிய இடத்துக்கு முழங்கை தூரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு வாடகைக்கு எடுத்த துளைக்கருவி. மூன்றாவது குழியில் இரண்டடி இறங்கியதும் "டங்" என்றது. இந்த நிலமே ஒரு காலத்தில் பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய மண், உள்ளே பூசணிக்காய் அளவுக்குக் கற்கள். கருவியை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு, கடப்பாரையால் அந்த ஒரு கல்லை நெம்பி எடுக்க ஒரு முழு சனிக்கிழமை போனது. கல் இன்னும் கதவோரம் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் பூட்ஸைக் கழற்றுவேன்.

குழிக்கு அடியில் கான்கிரீட் தட்டு, அதன்மேல் மண்ணில் புதைக்கவென்றே மருந்தேற்றிய ஆறங்குலச் சதுரத் தூண், சுற்றிலும் சரளை. மரம் வாங்கும்போது தூணின் முனையில் அடித்திருக்கும் சீட்டைப் பாருங்கள், யூசி4பி என்று இருக்க வேண்டும். மருந்தேற்றிய மரம் எல்லாம் ஒன்றல்ல. ஆணியும் போல்ட்டும் துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையாக இருக்கட்டும். இப்போது வரும் மருந்தில் செம்பு அதிகம், சாதா இரும்பைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் நூல் பிடித்துப் பார்க்கிறேன். நாலு தூணிலும் முதல் வருடம் போட்ட பென்சில் கோடு இருக்கிறது. நூல் அந்தக் கோட்டிலேயே உட்காருகிறது.

கைமரங்களும் அப்படித்தான், ஆனால் அதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. நான் எட்டங்குலச் சட்டம் போதும் என்று வரைந்து கொடுத்தேன். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் பத்தங்குலமாக்கி, நெருக்கமாகவும் வைக்கச் சொன்னார்கள். பழைய கூரையிலிருந்து சரியும் பனி முழுக்கப் புதுக் கூரையில்தான் விழும், போதாததற்குக் காற்றும் அந்த மூலையில் கொண்டுவந்து குவிக்கும், இரண்டையும் கணக்கில் சேர்த்தீர்களா என்று கேட்டார்கள். நான் சேர்த்திருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினேன். முதல் பிப்ரவரியில் நடு இரவில் மேல்கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து சாய்ப்பில் விழுந்த சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம், ஏதோ லாரி செங்கல் கொட்டியது போல. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு சட்டமும் வளையவில்லை.

இதுவரை படித்தால் நல்ல கட்டடம் என்று தோன்றும். நல்ல கட்டடம்தான். தகரத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்த வேலை. கல், மழை, அனுமதி எல்லாம் தாண்டிக் கைமரம் ஏறும்போது அக்டோபர் இரண்டாம் வாரம். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் தினமும் வேலியோரம் வந்து நின்று 1991 ஹாலோவீன் பனிப்புயலைப் பற்றிச் சொல்வார். அக்டோபர் 31 அன்று ஆரம்பித்து நவம்பர் 3 வரை விடாமல் கொட்டியது, மினியாபொலிஸ் பக்கம் மட்டும் 28.4 அங்குலம். அவர் அந்தப் புள்ளி நான்கைக்கூட விடமாட்டார். கேட்டுக் கேட்டு என் வயிற்றில் புளி கரைந்தது. அந்த நிலைமையில்தான் தகரம் கொடுப்பவருக்குப் போன் செய்தேன். "அடியில் பஞ்சு ஒட்டினது வேணுமா, சாதாவா?" என்று கேட்டார். பஞ்சு ஒட்டியதற்கு மூன்று வாரம் ஆகும், சாதா நாளைக்கே ஏற்றிவிடலாம். நான் சாதா என்றேன். அவர் நல்ல மனிதர், "உள்ளே மூடப்போறீங்களா?" என்று இரண்டாம் தரமும் கேட்டார். இது வெறும் சாய்ப்புதானே என்றேன். அந்தப் போன் உரையாடலை நாலு வருடமாக மனதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் கடைசிக்குள் கூரை முடிந்தது. அந்த வருடம் நவம்பர் பாதி வரைக்கும் பொட்டுப் பனி விழவில்லை.

டிசம்பரில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். வெளியே பளீரென்று வெயில். மனைவி விறகெடுக்கப் போனவள் கதவருகே நின்று கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க, உள்ள மழை பெய்யுது." போய்ப் பார்த்தேன். நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. விறகின் மேல், இயந்திரத்தின் மேல், நான் அண்ணாந்து பார்த்த முகத்தின் மேல் சொட்டுச் சொட்டாக, கூரை முழுக்க ஒரே சீராக.

திருகாணி வழியாக ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். திருகாணியின் ரப்பர் வளையத்தை அதிகமாக இறுக்கினால் பிதுங்கும், குறைவாக இறுக்கினால் தண்ணீர் விடும். அவசரத்தில் போட்டவை, ஆகவே தப்பு அங்கேதான் இருக்கும். ஒரு வெயில் நாளில் ஏறி, 200க்கும் மேற்பட்ட திருகாணித் தலைகளில் ஒவ்வொன்றாகப் பசை அப்பினேன். தூரத்திலிருந்து பார்த்தால் கூரைக்கு அம்மை போட்டது போல இருக்கும், இன்றைக்கும். அடுத்த வாரமும் பெய்தது. பழைய சுவரோடு சேருமிடத்தில் மடித்த தகரப்பட்டையைச் சந்தேகப்பட்டு, அதையும் பிரித்து மறுபடி அடித்தேன். பெய்தது.

ஜனவரியில் ஒரு விடியற்காலை டார்ச்சோடு போனபோதுதான் புரிந்தது. கூரையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. விரலால் சுரண்டினேன், நகத்துக்குள் பனித்தூள். தண்ணீர் மேலிருந்து வரவே இல்லை. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதைத் தொட்டதும் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்கச் சேரும். வெயில் தகரத்தில் பட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் உருகிக் கொட்டும். மேகம் மூடிய நாட்களில் ஒன்றும் ஆகாது. வெயிலடித்தால்தான் மழை!

ஈரம் எங்கிருந்து? சகலமும் நானே கொண்டுவந்து வைத்தது. சரளைக்கு அடியில் பாலித்தீன் விரிக்கவில்லை, அதற்கு அரைநாள் கூட ஆகியிருக்காது. மண் விட்ட ஈரம் நேரே மேலே வந்தது. புதிதாகப் பிளந்த பச்சை ஓக் விறகை இரண்டு கார்டு, அதாவது 256 கன அடி, உள்ளே அடுக்கினேன், காயட்டும் என்று. காய்ந்தது, காய்ந்த தண்ணீர் கூரைக்குப் போனது. பனி அப்பிய இயந்திரத்தை அப்படியே உள்ளே தள்ளிக் கதவையும் சாத்திவிடுவேன். காற்று வெளியேற மேலே ஒரு விரற்கடை இடைவெளி கூட விடவில்லை. குளிர் உள்ளே வரக்கூடாது என்று நுரை வைத்து அடைத்திருந்தேன், ரொம்ப நேர்த்தியாக.

மூன்று குளிர்காலம் தார்ப்பாயை வைத்துச் சமாளித்தேன். இந்த வருடம் ரம்பத்தின் அலகில் துருவைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. எட்டுத் தகரத்தையும் கழற்றி, மரக்குதிரைகளின் மேல் கவிழ்த்துப் போட்டு, துடைத்து, பின்னால் ஒட்டும் பஞ்சுச் சுருளை வாங்கி ஒட்டினேன். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் மெல்ல விட்டுவிடும் என்பது கணக்கு. கீழ்முனையில் ஓரங்குலத்துக்குப் பஞ்சைச் சூடான காற்று ஊதும் கருவியால் பொசுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வடியும் மழைநீரை அதுவே திரிபோல உள்ளே இழுக்கும். ரீப்பர்களின் மேல்பக்கம் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது, ஆனால் உளியால் குத்திப் பார்த்ததில் உள்ளே மரம் கெட்டி. பழைய திருகாணி ஓட்டைகள் தளர்ந்துவிட்டன, ஒரு சுற்றுத் தடித்த திருகாணி போட வேண்டியிருந்தது. பசை அப்பிய தலைகள் ஒவ்வொன்றையும் முதலில் கத்தியால் சீவ வேண்டும். 200க்கும் மேல். அப்பியவனைத் திட்டிக்கொண்டே சீவினேன். சரளையை ஒதுக்கிப் பாலித்தீன் விரித்தாயிற்று. இரு முனைச் சுவரிலும் உச்சியில் காற்றுத் துவாரம் வெட்டியாயிற்று. ஐந்து நாள் வேலை. அன்றைக்குக் காத்திருந்தால் மூன்று வாரம், வேலை எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மூன்று வாரம்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும். வடமேற்குக் காற்று நேரே பழைய சுவரில் மோதியது நின்றதில், கொட்டகைக்குள்ளேயே கைகால் விறைக்காமல் வேலை செய்ய முடிகிறது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பனி தள்ளும் இயந்திரத்தையே பனிக்குள்ளிருந்து தோண்டியெடுக்கும் கேலிக்கூத்து முடிந்தது. சாய்ப்பில்லாமல் முன்பு எப்படி இருந்தோம் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நண்பருக்கு என் பதில்: இந்த வருடம் வேண்டாம் தம்பி. தூண் நிற்கும், கூரை தாங்கும், உங்களால் கட்டவும் முடியும், அதிலெல்லாம் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வேண்டாம். இப்போது குழியைத் தோண்டித் தூணை மட்டும் நட்டுவிட்டு, மீதியை மே மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, இந்த வருடமேதான் என்றால் ஆள் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், என்னை உதவிக்குக் கூப்பிடாதீர்கள். அவர் இதைக் கேட்கமாட்டார். போன வாரமே துளைக்கருவிக்கு முன்பதிவு செய்துவிட்டாராம்.

நேற்று ராத்திரி இந்தப் பருவத்தின் முதல் கடும் உறைபனி. காலை பத்து மணிக்கு, நல்ல வெயில் ஏறியபின், உள்ளே போய் நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டு கால்மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன், அந்தக் கழுத்தோடு. கூரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. பழைய சுவரோரம் மட்டும், நான் பிரித்து மறுபடி அடித்தேனே அந்தப் பட்டைக்கு நேர் கீழே, ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. சரியாகப் புல் வெட்டும் வண்டியின் இருக்கையில். வண்டியை இரண்டடி முன்னால் தள்ளி வைத்தேன்.