40ஆ, 10ஆ, 19ஆ? வண்டி ரேடியோவில் எந்த சனலில் நிற்பது

மெல்பேர்ணில் இருக்கிற மருமகன் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, ரெண்டு வண்டியில மலைப்பக்கம் போறம், சிபி ரேடியோ பூட்டியாச்சு, எந்த சனல்ல நிக்கிறது?" சிபி என்றால் பொதுமக்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோ. நான் இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்தாலும் அங்கே ஒன்பது வருடம் லொறி ஓட்டியவன், அதனால் அவனுக்குக் குரல் பதிவில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வண்டி ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவது யார் காதில் விழவேண்டும்? கடல் ரேடியோவில் 16ஆம் சனல் உலகம் முழுக்க அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது, அதில் கூப்பிட்டு ஆளைப் பிடித்ததும் வேறு சனலுக்கு மாறித்தான் கதைக்கவேண்டும். வாழைச்சேனையில் ஆழ்கடல் படகில் போகிற ஒருவரிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். ரோட்டிலும் இதே கதைதான்.

அவுஸ்திரேலியாவில் பெரும்பாலும் எல்லாரும் வைத்திருப்பது யுஎச்எஃப் (மிகை உயர் அலைவரிசை) சிபி. 476, 477 மெகாஹேர்ட்ஸ் பக்கம், 80 சனல், 5 வாட்ஸ், பேசுகிறவருக்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இதில் 40தான் நெடுஞ்சாலைச் சனல். லொறிக்காரர் எல்லாரும் அதில்தான் நிற்பார்கள். முன்னால் விபத்து, ரோட்டில் மாடு, அகலமான பாரம் ஏற்றிய வண்டி எதிரே வருகிறது, இப்படி எல்லாம் அதில்தான் வரும். ஒரு வீட்டையே பாதியாக வெட்டி ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்கு முன்னால் போகிற பைலட் வண்டிக்காரர் "அகலம் அஞ்சரை மீற்றர், இடது பக்கம் ஒதுங்குங்கோ" என்று 40இல் சொல்லும்போது நீங்கள் வேறு சனலில் இருந்தால், வளைவு திரும்பினதும் அந்த வீடு உங்கள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும். ஆகவே தார் ரோட்டில் 40, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. சிட்னிக்கு வடக்கே பசிபிக் நெடுஞ்சாலையில் நெடுந்தூரத்துக்கு 29தான் புழக்கம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தடவை அந்தப் பாதையில் போனபோது 40இல் மணிக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை, ரேடியோ பழுது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு வயதான ஓட்டுநர்தான் 29க்கு மாற்றிவிட்டார், மாற்றின உடனே ஏழெட்டுக் குரல். அவ்வளவு தூரமும் செவிடனாக ஓடியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

சரி, 10? அது நான்கு சக்கர வண்டிக் குழுக்கள் காட்டுப் பாதையிலும் தேசியப் பூங்காவிலும் பாவிக்கிற சனல். கரவன் இழுத்துப் போகிறவர்களுக்கு 18 என்பதும் அதேபோல ஒரு வழக்கம். 10இல் நிற்பதால் என்ன லாபம் என்றால், ஒற்றைப் பாதையில் எதிரே ஏறி வருகிற குழுவும் அதிலேயே இருக்கக்கூடும், "நாங்கள் மூன்று வண்டி இறங்குகிறோம், திருப்பத்தில் நில்லுங்கள்" என்று சொல்லலாம். நட்டம் என்றால் நீண்ட விடுமுறை நாட்களில் அதில் இருக்கிற நெரிசல். பின்வண்டிக்கு "இடது சில்லுக்குப் பக்கத்தில் பள்ளம்" என்று சொல்வதற்குள் யாரோ எங்கேயோ தேநீர் போடுகிற கதை குறுக்கே வந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் அந்த இரண்டு விநாடி பெரிசு.

அதனால் என் கணக்கு வேறு. உங்கள் குழுவுக்குள் பேச 12 முதல் 17 வரை அல்லது 24 முதல் 28 வரை ஒன்றை எடுங்கள், ஆளில்லாத சனலாகப் பார்த்து. முன்வண்டி மட்டும் ஸ்கேன் வசதியால் 10ஐயும் 40ஐயும் கேட்டுக்கொண்டு வரட்டும். 1 முதல் 8, 31 முதல் 38 வரை தொடாதீர்கள், அவை ரிப்பீற்றருக்கு, அதாவது குரலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்புகிற நிலையத்துக்கு, உரியவை, நீங்கள் சும்மா கதைப்பது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் பேச்சைக் குழப்பும். 22, 23 தரவுக்கு உரியவை, பேசவே கூடாது. பழைய 40 சனல் ரேடியோ ஒரு வண்டியில் இருந்தால் 40க்கு மேலே போகாதீர்கள், அந்த வண்டிக்கு எதுவும் கேட்காது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 27 மெகாஹேர்ட்ஸ், 40 சனல், 4 வாட்ஸ். நெடுஞ்சாலைக்கு 19, அவசரத்துக்கு 9. கலிபோர்னியா பக்கம் வடக்குத் தெற்காக ஓடுகிற பாதைகளில் 17 பாவிப்பவர்களும் உண்டு. மலைப்பாதைக்காரர் பல காலமாக 4 அல்லது 16. 19இன் அலைவரிசை 27.185, அது 1க்கும் 40க்கும் சரியாக நடுவில் வருகிறது, ஏரியலை நடுவுக்குப் பொருத்தினால் 19இல்தான் நன்றாக வேலை செய்யும். நேர்மையாகச் சொன்னால் குழுவுக்குள் பேச 27 எனக்குப் பிடிக்காது, சூரியனில் கரும்புள்ளிகள் பெருகுகிற காலத்தில் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற குரல் உங்கள் பின்வண்டியை மூடிவிடும். அங்கேயும் இப்போது நிறையக் குழுக்கள் ஜிஎம்ஆர்எஸ் என்கிற, அனுமதி எடுத்துப் பாவிக்கிற இன்னொரு ரேடியோ பக்கம் போய்விட்டன, 35 டொலர் கட்டி எடுக்கிற அனுமதி, பரீட்சை இல்லை, பத்து வருடம் குடும்பத்துக்கே போதும்.

ஏரியல் பற்றி ஒரு சொல். படுவான்கரை வயல் மாதிரித் தட்டையான நாட்டுக்கு நீளமான, அதிக டெசிபெல் (அலையைக் குவிக்கிற அளவு) உள்ளது நல்லது, அலை கிடையாக நெடுந்தூரம் போகும். பசறை, பதுளை மாதிரி ஏற்ற இறக்கத்தில் அதே ஏரியல் பள்ளத்தில் இருக்கிற வண்டியைத் தவறவிடும், அங்கே குட்டை ஏரியல்தான் கைகொடுக்கும்.

இதைப் படித்துவிட்டு விடுமுறைக்கு வரும்போது ரேடியோ ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள் பிள்ளைகளே. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படிப் பேசுகிற ரேடியோ வைத்திருப்பது குற்றம். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகிற கிரவல் ரோட்டில் ஃபோன் சிக்னல் விட்டுப்போகும்போது எனக்கும் அந்த மைக் ஞாபகம் வரத்தான் செய்கிறது, ஆனாலும் அங்கே நாங்கள் பின்வண்டியின் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் போகிறோம், யானை நின்றால் இரண்டு தரம் ஹெட்லைற் அடிப்போம்.

மருமகனுக்குக் கடைசியில் சொன்னது இதுதான். தார் முடியும் வரை 40. கிரவல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் 14க்கு மாறி, ஆளுக்கொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுங்கள். ஆபத்தென்றால் 5, டூப்ளெக்ஸ் (ஒரு அலைவரிசையில் அனுப்பி இன்னொன்றில் கேட்பது) பொத்தானைப் போட்டு, அப்போதுதான் ரிப்பீற்றர் எடுக்கும். பதில் வராவிட்டால் 5லேயே காத்திராதே மகன், 40இலும் கூப்பிடு, நெடுஞ்சாலை மலைக்குக் கீழேதான் போகிறது, எந்த இரவிலும் ஒரு லொறிக்காரன் அதில் முழித்திருப்பான்.