பழனிமலையில் பீன்ஸுக்கும் பயறுக்கும் ஒரே விதை நேர்த்தி சரிப்படுமா?

மலைக்காட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மாசி, பங்குனியில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். ஓடை மெலிந்துவிடும், சரிவு நிலத்தில் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடை மழையை நம்பி ஊன்றிய பீன்ஸ் வேரை ஆழமாக இறக்குவதற்குள் ஈரம் அதற்கு எட்டாமல் போய்விடுகிறது. விதையிலேயே ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. செய்யலாம். ஆனால் உளுந்துக்குச் சொன்னதை அப்படியே பீன்ஸுக்கும் செய்யக் கூடாது.

பயறு வகைகளுக்கான பரிந்துரைகளில் முதலில் வருவது விதைக் கடினப்படுத்துதல். உளுந்து, துவரைக்குத் துத்தநாக சல்பேட், பாசிப்பயறுக்கு மாங்கனீசு சல்பேட். அளவு 10 லிட்டர் நீருக்கு 1 கிராம்தான். ஒரு கிலோ விதைக்கு இந்தக் கரைசலில் சுமார் 350 மி.லி. போதும். 3 மணி நேரம் ஊறவிட்டு, விதை பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். முளைப்பதற்கான உள்வேலை தொடங்கிப் பாதியில் நின்றிருப்பதால், மண்ணில் ஈரம் பட்டதும் விதை சட்டென்று, ஒரே சீராக முளைக்கும். மேல்மண் காய்வதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். இதன் பெரிய லாபம், உலர்த்திய விதை மழைக்காகச் சில நாள் காத்திருக்கும் என்பது.

இரவு ஊறவைத்துக் காலையில் ஊன்றும் பழக்கத்தில் அந்த வசதி இல்லை. ஊறிய விதையை அன்றே போட்டாக வேண்டும். மண்ணில் ஈரம் இல்லையென்றால் முளை வெளியே வந்து கருகிவிடும். பாசனம் கையில் இருப்பவர் செய்யலாம். மானம் பார்த்த பூமிக்கு நான் சொல்லமாட்டேன்.

இனி பீன்ஸுக்கு வருவோம். பெரிய விதை, மெல்லிய தோல். நன்றாகக் காய்ந்த பீன்ஸ், பட்டர் பீன்ஸ் விதைகள் சிலவற்றைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தோலில் சுருக்கம் விழும். சிலவற்றில் பருப்பே குறுக்கே வெடிக்கும். தண்ணீரும் மெல்லக் கலங்கும். தண்ணீர் வேகமாக உள்ளே பாய்வதில் செல் சவ்வுகள் கிழிந்து, உள்ளே இருக்கும் சத்து வெளியே கசிகிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் சேதம் இன்னும் கூடும், மலையில் தண்ணீர் எப்போதும் குளிர்ச்சிதானே. கசிந்த சத்தைத் தேடி அழுகல் பூஞ்சைகள் வந்து சேரும். வறட்சியைத் தாங்கட்டும் என்று ஊறவைத்த விதை முளைப்பிலேயே போய்விடுகிறது. இன்னொரு தடை மூட்டம். மேல்மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் நனைத்த விதை நாலு நாளானாலும் உலராது, பூசணம் பிடிக்கும். அடுப்படியில் வைத்து உலர்த்தினால் சூட்டில் முளைப்புத்திறன் கெடும்.

ஆகவே பீன்ஸை ஊறவைக்க வேண்டாம். விதை மிகவும் காய்ந்திருந்தால், ஊன்றுவதற்கு முந்தின இரவு ஈரச் சாக்கின்மேல் ஒரு துணி விரித்து அதில் பரப்பி வையுங்கள். ஈரம் மெதுவாக ஏறும், தோல் வெடிக்காது.

அடுத்து ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம். இது நேராக வறட்சியைத் தாங்க வைக்கும் மருந்து இல்லை. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துச் செடியைத் தெம்பாக வைத்திருக்கும், அவ்வளவே. எக்டருக்கு 3 பாக்கெட், 600 கிராம். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் வைத்து ஊன்ற வேண்டும். உளுந்துக்கு வாங்கியதைப் பீன்ஸுக்குப் பூசிப் பயனில்லை, பட்டாணிக்கு வேறு இனம். வாங்கும்போது பயிரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பீன்ஸ் இயல்பிலேயே முடிச்சு குறைவாகப் பிடிக்கும் பயிர். மலையின் புளிப்பு மண்ணில் இன்னும் குறையும். பூக்கும் முன் ஒரு செடியை மண்ணோடு தோண்டி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. பச்சையோ வெளுப்போ என்றால் இல்லை. அப்படிக் கண்டால் அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு இடுவது நல்லது.

சாணம், கோமியம், சுண்ணாம்பு சேர்த்த பீஜாமிர்தம் என்ற விதை நேர்த்திக் கரைசல் பலரும் விரும்புவது. இதிலும் பீன்ஸை முக்கி எடுக்கலாமே தவிர ஊறப்போடக் கூடாது. இளஞ்செடி அழுகலைத் தடுக்க மட்டும் என்றால் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை சுலபம், அளவும் கைக்குள் நிற்கும். ரசாயனப் பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் மட்டும் இதைப் பூசாதீர்கள், அது செத்துவிடும்.

என் தேர்வு இது: மலையடிவாரத்தில் மானாவாரி உளுந்து, பாசிப்பயறு போடுகிறவர்களுக்குக் கடினப்படுத்துதலும் ஊன்றும் அன்று ரைசோபியமும். மேல்மலை பீன்ஸுக்கு ஈரச் சாக்கு, டிரைக்கோடெர்மா, பீன்ஸுக்கு உரிய ரைசோபியம். பட்டாணியையும், அதற்கு உரிய ரைசோபியத்தோடு, இந்தப் பக்கமே சேர்ப்பேன். இரண்டு இடத்திலும் விதை நேர்த்தி முளைப்பையும் இளம்பருவத்தையும்தான் காப்பாற்றும். ஓடையில் மிஞ்சுவது ஒரே ஒரு முறை பாய்ச்சும் தண்ணீர்தான் என்றால், அதைப் பூவெடுத்துப் பிஞ்சு பிடிக்கும் நேரத்துக்கு வைத்திருங்கள்.