தோல் ஷூவில் பூனை மூத்திர வாடை: என்சைம் ஸ்ப்ரே எதுவரை கைகொடுக்கும்?

செல்லப்பிராணி வாடைக்கென்று விற்கும் பாட்டில்கள் பெரும்பாலும் மூன்று வகை: வெறும் வாசனை ஸ்ப்ரே, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தது, என்சைம் (வாடை தரும் பொருளை உடைக்கும் நொதி) கலந்தது. தோல் ஷூவுக்குத் தேறுவது மூன்றாவது மட்டுமே. வாசனை ஸ்ப்ரே அடித்தால் மல்லிகையும் மூத்திரமும் சேர்ந்து மணக்கும், அவ்வளவுதான். பெராக்சைடு வாடையை நன்றாகவே அடக்கும். ஆனால் கறுப்பு, பிரவுன் சாயத்தையும் வெளுத்துவிடும்.

என்சைம் வகையிலும் லேபிளில் இருக்கும் ‘தெளியுங்கள், துடையுங்கள்’ என்ற செய்முறை தரைக்கும் கார்ப்பெட்டுக்கும் எழுதியது. ஷூவுக்கு அப்படியே செய்தால் பாதி வேலைதான் ஆகும். மூத்திரம் மேல்தோலில் தங்குவதில்லை. தையல் துளை வழியாக இறங்கி, பாலிஷ் ஏறாத உள் லைனிங்கிலும் அதற்கடியில் இருக்கும் ஸ்பாஞ்சிலும் ஊறிவிடும். யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா கிளம்பும். பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற பொருளும் உண்டு. அதற்குச் சொந்த வாடை கிடையாது. மெல்ல மெல்ல உடைந்து கந்தகச் சேர்மமாக மாறிய பிறகுதான் நாறும். முதல் நாள் லேசாக இருந்த வாடை மறுநாள் மூக்கைத் துளைப்பது இதனால்தான். கருத்தடை செய்யாத ஆண் பூனை தெளித்தது என்றால் ஒரே சுற்றில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்ப்ரேயைத் திறக்குமுன் லேஸையும் இன்சோலையும் கழற்றுங்கள். லேஸைத் துவைத்துக்கொள்ளலாம். நனைந்த ஸ்பாஞ்ச் இன்சோலைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஈரம் இன்னும் இருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். காய்ந்து தையலோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பிழிந்த ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்துவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரே போதும்.

அடுத்து ஷூ நாக்கின் உள்பக்கம் ஸ்ப்ரேயை ஒரு துளி விட்டு, காய்ந்த பிறகு நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் உள் லைனிங் முழுவதும் சீராக நனையும்படி தெளித்து, ஷூவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைத் தளர்வாக மூடிவிடுங்கள். ஈரம் இருக்கும் வரைதான் என்சைம் வேலை செய்யும். மின்விசிறிக்கடியில் பத்து நிமிடத்தில் காய்ந்துபோன ஸ்ப்ரேயும் தெளிக்காத ஸ்ப்ரேயும் ஒன்றுதான். பைக்குள் மூன்று நான்கு மணி நேரம் இருக்கட்டும். வெளித்தோலுக்கு அவ்வளவு நேரம் கூடாது: துணியில் நனைத்துத் தடவி, 10 முதல் 15 நிமிடத்தில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கறை பட்ட இடத்தில் மட்டும் தடவினால் காய்ந்தபின் வட்டமாக விளிம்பு விழும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் நனைத்தால் இந்தச் சிக்கல் வராது.

உலர்த்துவதில்தான் பலர் ஷூவைக் கெடுக்கிறார்கள். வெயில், ஹேர் டிரையர், ஹீட்டர் மூன்றுமே ஆகாது. ஈரத்தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். உள்ளே மை ஒட்டாத வெள்ளைத்தாளைத் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். முழுக்கக் காய்ந்த பிறகே தோலை மிருதுவாக்கும் கண்டிஷனர் போட வேண்டும். முன்பே போட்டால் ஈரமும் வாடையும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

‘வேலையே செய்யவில்லை’ என்ற புகாருக்கு ஒரு முக்கியக் காரணம், ஸ்ப்ரேக்கு முன்னால் போட்ட வேறு மருந்து. வினிகர், கிருமிநாசினி, சோப்பு ஏதாவது மிச்சமிருந்தால் என்சைம் செயலிழக்கலாம். வினிகர்தான் கையில் இருக்கிறதா? சம அளவு தண்ணீர் கலந்து தனியாக ஒரு சுற்று துடைத்துக்கொள்ளலாம். அது அம்மோனியாவை அடக்கும், கந்தக வாடையைத் தொடாது. பேக்கிங் சோடா காரத்தன்மை உள்ளது, தோலோ இயல்பில் சற்று அமிலம். ஈரத்தோலில் குழைத்துப் பூசினால் தோல் வறளும், வெள்ளைத்தூளும் தையலில் அடைந்துகொள்ளும். காய்ந்த ஷூவுக்குள் துணிப்பையில் கட்டி வைப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. ப்ளீச் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்: மூத்திரத்தோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும்.

பாட்டில் வாங்கும்போது லேபிளில் என்சைம் அல்லது பாக்டீரியா என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று பாருங்கள். மணம் சேர்க்காததே நல்லது. வாடை போய்விட்டதா, மறைந்திருக்கிறதா என்று அதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

எங்கள் கணிப்பு: பாலிஷ் ஏறிய தோல், தோல் லைனிங் உள்ள ஷூ என்றால் என்சைம் ஸ்ப்ரேயைத் தயங்காமல் வாங்கலாம். ஸ்வேடு, நூபக் (மேற்பரப்பு மெத்தென்று இருக்கும், பாலிஷ் ஏறாத தோல்) என்றால் வேண்டாம், பாட்டில் என்ன சொன்னாலும் திட்டு விழும் வாய்ப்பு அதிகம். தோல் சுத்தம் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு சுற்று முடிந்தும், காலில் போட்டு அரை மணி நேரம் நடந்ததும் வாடை திரும்பினால் அது அடிப்பாகத்துக்குள் இறங்கியிருக்கிறது. மூன்றாவது பாட்டில் வாங்கும் காசைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, உள்ளட்டையைப் பிரித்து அடியில் இருக்கும் கார்க்கையோ ஸ்பாஞ்சையோ மாற்றச் சொல்லுங்கள்.