ஓரியன் வெடிப்பு: எந்த விளக்கம் நிற்கிறது?

பிறக்கும் விண்மீன் வழக்கமாக இரண்டு எதிர்த் திசைகளில்தான் வாயுவைப் பீய்ச்சும். ஓரியன் நெபுலா என்ற வாயு-தூசி மேகத்தில், திரபீசியம் என்ற விண்மீன் கூட்டத்துக்குச் சற்று வடமேற்கே, தூசிக்குள் நடந்தது வேறு. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வாயு விரல்கள் எல்லாப் பக்கமும் நீண்டிருக்கின்றன. ஜெமினி தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் விரல் நுனிகளில் இரும்பு வாயு நீலமாகவும், பின்னால் ஹைட்ரஜன் வால் ஆரஞ்சாகவும் தெரிகின்றன (நிறம் படத்துக்காகப் பூசியது). மையத்திலிருந்து விலக விலக வேகமும் கூடி, நொடிக்கு 300 கி.மீ.யைத் தொடுகிறது. அப்படியென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்க வேண்டும். கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் சுமார் 500 ஆண்டுகள் வருகிறது. ஒளி இங்கு வந்து சேரவே 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அது தனிக் கணக்கு.

சூப்பர்நோவாவா, அதாவது பெரிய விண்மீன் சாகும்போது வெடிப்பதா? இல்லை. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினாலே இங்கு அதிகம்.

மிஞ்சுவது இரண்டு விளக்கங்கள். முதலாவதில் குற்றவாளி 'பிஎன்' என்ற விண்மீன். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் திரபீசியத்தின் பெரிய விண்மீனான தீட்டா-1 சி அதை வெளியே எறிந்தது. ஓடிய வழியில், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், 'சோர்ஸ் ஐ' என்ற இன்னொரு விண்மீனை உரசிப்போனது. சோர்ஸ் ஐயைச் சுற்றியிருந்த வாயுத் தட்டு கலங்கி வெடித்தது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிஎன்னை எறிந்ததற்கான பின்னுதைப்பு தீட்டா-1 சியின் நகர்வில் தெரிகிறது என்பது இதன் பலம்.

இரண்டாவதில் வெளியாள் யாரும் கிடையாது. நெருக்கமாகச் சுற்றிய பல விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்துச் சிதறின. அதில் இரண்டு மிக நெருங்கியபோது வெளிப்பட்ட ஈர்ப்பு ஆற்றல்தான் வாயுவை வீசியது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் 'சோர்ஸ் எக்ஸ்'. நொடிக்குச் சுமார் 55 கி.மீ. வேகத்தில் ஓடும் இந்த மூன்றாவது விண்மீனை 2017இல் கண்டுபிடித்தார்கள். இதையும் பிஎன்னையும் சோர்ஸ் ஐயையும் பின்னோக்கி நகர்த்தினால், மூன்றும் 500 ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் கூடுகின்றன. வெடிப்பின் மையமும் அங்கேதான். வழிப்போக்கன் கதையில் எக்ஸுக்கு இடமே இல்லை.

சரி, நெருங்கிய அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டனவா, இறுக்கமான ஜோடியாகச் சுற்றுகின்றனவா? இதில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. இத்தனை அமளிக்குப் பிறகும் சோர்ஸ் ஐயைச் சுற்றி ஒரு தட்டு ஒழுங்காகச் சுழல்கிறது. அது பிழைத்ததா, பிறகு சேர்ந்ததா என்பதுதான் இந்த விளக்கத்தை உறுத்தும் கேள்வி.