காம்பிக்: கணக்கில் கெட்டி, காட்சியில் கோட்டை விடும் நிரல்

போர்க்களப் புகைக்கு அந்தப்பக்கம் கேமராவுக்கு என்ன தெரியும் என்று கணக்கிட, அமெரிக்கத் தரைப்படையின் வளிமண்டல ஆய்வகம் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் உருவாக்கிய ஃபோர்ட்ரான் நிரல் காம்பிக். இயோசேல் (EOSAEL) என்ற, வளிமண்டலம் ஒளிக்கருவிகளைப் பாதிக்கும் விதத்தைக் கணக்கிடும் நிரல் தொகுப்பின் ஓர் அங்கம். நாம் பார்ப்பது 1992 பதிப்பு.

இரண்டு கட்டமாக ஓடும். புகைக்குண்டின் வகை, காற்று, ஈரப்பதம், பாஸ்கில் வகுப்பு (வளிமண்டலம் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதன் தரம்) ஆகியவற்றைக் கொடுத்தால் முதல் கட்டம் புகை பரவும் விதத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். சென்சாரும் இலக்கும் எங்கே என்று சொன்னால், இடையில் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் புகை, எவ்வளவு ஒளி தப்பி வரும் என்று இரண்டாம் கட்டம் சொல்லும். முதல் கட்டத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு எத்தனை கோணத்திலும் பார்க்கலாம். அருமையான பிரிப்பு.

இதன் உயிர்நாடி ஒளித்தடை அட்டவணை, அதாவது ஒரு கிராம் புகை எவ்வளவு ஒளியை மறைக்கும் என்ற பட்டியல். வெள்ளை பாஸ்பரஸ் புகைக்கு கிராமுக்கு, கண்ணால் காணும் ஒளியில் சுமார் 4.1 சதுர மீட்டர். தெர்மல் கேமரா பார்க்கும் 8–12 மைக்ரான் அகச்சிவப்பில் 0.38. ஃபாக் ஆயிலுக்கு (புகைத்திரை போட ஆவியாக்கும் எண்ணெய்) முறையே 6.85, 0.02. அதாவது சதுர மீட்டருக்கு 1 கிராம் ஃபாக் ஆயில் நின்றால் பகல் கேமராவுக்கு 0.1 சதவீத ஒளிதான் வரும். தெர்மல் கேமராவுக்கோ 98. பாஸ்பரஸ் என்றால் தெர்மலுக்கு 68. தூசி எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் மறைக்கும். 1.06 மைக்ரான் லேசர் தூரமானிக்குக் கணக்கிடும்போது ஒளி போய்த் திரும்புவதால் கடத்தத்தை (தப்பி வரும் ஒளியின் பங்கை) அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்க மறக்கக்கூடாது.

உள்ளீடுதான் தலைவலி. நான்கு எழுத்துக் குறிச்சொல், பிறகு பத்துப் பத்து நெடுவரிசையாக எண்கள், வடிவம் E10.4; அதாவது பத்து இடம், புள்ளி இல்லாவிட்டால் கடைசி நான்கு இலக்கமும் தசமம். காற்று வேகத்தை 5. என்று புள்ளியோடு எழுதாமல் வெறும் 5 என்று அந்தப் பத்து இடத்தின் வலது ஓரத்தில் போட்டால் ஃபோர்ட்ரான் அதை 0.0005 என்று வாசிக்கும். பிழைச்செய்தி எதிர்பார்க்க வேண்டாம். வரும் விடைதான் அபத்தமாக இருக்கும்.

பெரிய குறை வேறு. காம்பிக் கணக்கிடும் காஸியன் புகைமேகம் (நடுவில் அடர்ந்து ஓரத்தில் சீராக மெலியும் மேகம்) என்பது சராசரி மேகம். நிஜப் புகையில் ஓட்டைகள் உண்டு. பாதி நேரம் 2 கிராம், பாதி நேரம் வெறுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1 கிராம் என்பதால் காம்பிக் பாஸ்பரஸுக்குப் பகல் ஒளியில் 1.7 சதவீதம் காட்டும். உண்மையில் பாதி நேரம் இலக்கு பளிச்சென்று தெரியும். தானியங்கி இலக்குக் கண்டறிதலைச் சோதிப்பவர்கள் இதை அப்படியே நம்பினால் கதை கந்தல்தான். மேலே ஒரு கொந்தளிப்பு மாதிரியைச் சேர்த்தே ஆகவேண்டும்.

அதேபோல் கடத்தம் மட்டும் பார்வையல்ல. புகை சிதறடிக்கும் வெயிலும் கேமராவுக்குள் நுழையும். வானம்-தரை ஒளி விகிதம் 3, கடத்தம் 0.1 என்றால் இலக்குக்கும் பின்னணிக்கும் இடையே மிஞ்சும் ஒளி மாறுபாடு 1 ÷ (1 + 3 × 9), அதாவது 3.6 சதவீதம்தான் (9 என்பது 1 ÷ 0.1 − 1). இந்தப் படியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தப் புகை எந்த சென்சாரை மறைக்கும் என்று ஒப்பிட இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். படச்சட்டம் படச்சட்டமாகக் காட்சி வேண்டுமென்றால் ஒத்துவராது.