2001: படமா, நாவலா, படக்கதையா?

“படத்தைவிடப் புத்தகம்தான் பிரமாதம்” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். நாவல் முதலில் வந்திருக்கும், படம் அதைச் சுருக்கியிருக்கும், எதை வெட்டினார்கள் என்று அப்புறம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற அறிவியல் புனைகதை விஷயத்தில் அந்தப் பஞ்சாயத்து செல்லாது. நாவலிலிருந்து படம் வரவில்லை, படத்தைப் பார்த்து நாவலும் எழுதப்படவில்லை.

1964-ல் இயக்குநர் ஸ்டான்லி கியூப்ரிக்கும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நியூயார்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் அதற்கு முன்பே இலங்கையில் குடியேறியிருந்தார். அவர் 1948-ல் எழுதிய ‘தி சென்டினல்’ சிறுகதைதான் விதை. முதலில் இருவரும் சேர்ந்து நாவலை எழுதுவது, பிறகு அதிலிருந்து திரைக்கதையை எடுப்பது என்பது திட்டம். நடந்தது வேறு. ஒருபக்கம் எழுத்து, இன்னொருபக்கம் படப்பிடிப்பு, இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே ஓடின. படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் ஜூலையில். கிளார்க் எப்போதோ முடித்துவிட்டிருந்தார். கியூப்ரிக் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1976-ல், மார்வெல் நிறுவனத்துக்காக ஜாக் கிர்பி இதைப் படக்கதையாக வரைந்தார். ஆக ஒரே கதைக்கு மூன்று பேர். படம் எதையும் விளக்காது, நாவல் எல்லாவற்றையும் விளக்கும், படக்கதை உரக்கக் கத்தும். ‘விளக்காமல் விட்டதுதான் படத்தின் மேன்மை’ என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது.

குரங்கு மனிதர்களிடமிருந்து தொடங்குவோம். முதல்முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் தூங்கிப்போனேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். கிட்டத்தட்ட 25 நிமிடங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு காலையில் கறுப்புப் பலகை ஒன்று வந்து நிற்கிறது, தொட்டுப் பார்க்கிறார்கள், பிறகு ஒருவன் எலும்பைக் கையில் எடுக்கிறான். பலகை அவனுக்கு என்ன செய்தது என்று படம் மூச்சுவிடாது. நாவலில் அந்தக் குரங்கு மனிதனுக்குப் பெயர் உண்டு, நிலாவைப் பார்க்கிறவன் என்ற அர்த்தத்தில். கதை தொடங்கும் இரவில் அவன் அப்பா செத்துப்போகிறார். அப்பா என்ற உறவே அவனுக்குத் தெரியாது. உடலை இழுத்துக்கொண்டுபோய்க் கழுதைப்புலிகளுக்குப் போட்டுவிட்டு வருகிறான். அவன் வாழ்க்கை முழுக்கப் பசிதான்.

நாவலின் பலகை கறுப்பு இல்லை, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவது. அது கொட்டுச் சத்தம் எழுப்பி அவர்களை வரவழைக்கிறது, முடிச்சுப் போடவைக்கிறது, கல்லெறியவைக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வயிறு நிறையச் சாப்பிட்டு மினுமினுப்பாக இருக்கும் ஒரு குரங்குக் குடும்பத்தை அவனுக்குப் படம்போட்டுக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு அவனுக்குத் தன் வாழ்க்கை பிடிக்காமல் போகிறது. மனித இனம் பொறாமையிலிருந்து தொடங்கியது என்கிறார் கிளார்க், அலட்டிக்கொள்ளாமல். எலும்பைத் தூக்கி எறிவதைவிட இது ஆழமான யோசனை. இந்தப் பகுதியில் என் ஓட்டு நாவலுக்குத்தான். ஆனால் எறிந்த எலும்பு மேலே போய், அடுத்த நொடியில் விண்கலமாக மாறும் அந்த வெட்டுக்கு நாவலில் ஈடில்லை. சரி, ஈடு ஒன்று இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நிலாப் பயணத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். படத்தில் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசைக்குக் கலங்கள் சுழல்கின்றன. நாவலில் அதே பயணம் கவனமாக எழுதப்பட்ட பயணக் குறிப்பு மாதிரி இருக்கிறது. எதையுமே விளக்காத கியூப்ரிக், எடையற்ற நிலையில் கழிப்பறையைப் பயன்படுத்துவது எப்படி என்று மட்டும் கதவில் நீளமாக எழுதி ஒட்டியிருக்கிறார். நிலாவுக்குப் போகும் விஞ்ஞானி டாக்டர் ஃப்ளாய்ட் அதைக் கவலையோடு படிக்கிறார்.

இனி ஹால் 9000. படத்தில் டிஸ்கவரி கலத்தின் கணினி ஒரு கருவி பழுதாகப்போகிறது என்கிறது. கழற்றிப் பார்த்தால் பழுது இல்லை. கலத்திலிருக்கும் விண்வெளி வீரர்கள் டேவ் போமனும் பூலும் தனியறையில் பேசுவதை அது உதட்டசைவை வைத்தே படித்துவிடுகிறது. பிறகு பூலைக் கொல்கிறது. அவன் உடலை மீட்கக் குட்டிக் கலத்தில் வெளியே போன போமனுக்குக் கதவைத் திறக்க மறுக்கிறது. அவன் தலைக்கவசமில்லாமல் வெற்றிடத்தின் வழியாகப் பாய்ந்து உள்ளே வருகிறான். உதட்டைப் படிப்பது, கதவை மறுப்பது, இந்தப் பாய்ச்சல், மூன்றும் நாவலில் கிடையாது. நாவலில் போமன் வெளியே போவதே இல்லை. உறக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் சகாக்களை எழுப்பப் பார்க்கிறான். ஹால் கலத்தின் வெளிக்கதவுகளைத் திறந்துவிட, காற்று முழுவதும் வெளியேறுகிறது. அவன் அவசரக் கூண்டுக்குள் புகுந்து தப்பிக்கிறான். நல்ல காட்சிதான். ஆனால் “மன்னிக்கவும் டேவ்” என்று சொல்லும் அந்த அமைதியான குரலுக்கு முன்னால் எடுபடவில்லை.

ஆனால் ஹால் ஏன் அப்படிச் செய்தது? இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். நாவல் நேரடியாகச் சொல்கிறது. தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் இயங்குவதற்காக உருவாக்கப்பட்ட மூளை அது. அதனிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தை அந்த இரண்டு பேரிடமும் மறைத்துவை என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவனைப் பொய் சொல்லவைத்தார்கள். அந்த உறுத்தலில் சின்னச் சின்னத் தவறுகள், தவறு வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம், கடைசியில் கொலை. மேலதிகாரி சொன்ன பொய்யைச் சுமந்துகொண்டு தினமும் சகாக்கள் முகத்தில் விழிக்கிற எந்த ஊழியருக்கும் இது புரியும். படத்திலும் இதற்கு ஒரு துப்பு உண்டு. ஹாலை அணைத்து முடித்ததும் ஃப்ளாய்டின் பதிவுசெய்த காணொளி ஓடுகிறது. நோக்கம் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி யோசிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? படத்தின் ஹாலைப் பார்த்துப் பயந்தேன். நாவலைப் படித்த பிறகுதான் அது சாகும்போது பரிதாபப்பட்டேன். பிறகு படத்தை மறுபடி பார்த்தபோது, நினைவுப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழல, ஹால் பாடும் ‘டெய்சி’ பாட்டு இழுபட்டு அமுங்கும் அந்த நிமிடங்கள் வேறு காட்சியாகவே ஆகிவிட்டன. விளக்கம் மர்மத்தைக் கொன்றுவிடும் என்பது இங்கே பொய்.

போய்ச் சேருமிடமும் வேறு. படத்தில் வியாழன், நாவலில் சனி. கியூப்ரிக்கும் முதலில் சனியைத்தான் யோசித்தார். நம்பும்படியான வளையங்களைச் சிறப்புக் காட்சிக் குழுவால் உருவாக்க முடியவில்லை. நாவலில் கலம் வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகமெடுத்துச் சனிக்குப் போகிறது. 1979-ல் வாயேஜர் 1 என்ற நாசா விண்கலம் வியாழனிடம் இதே உத்தியைத்தான் செய்தது. சனியின் ஐயாபெட்டஸ் நிலவில் ஒரு வெள்ளை நீள்வட்டம், அதன் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி என்று கிளார்க் எழுதியிருந்தார். அந்த நிலவை வாயேஜர் எடுத்த படத்தைப் பார்த்ததும் வானியலாளர் கார்ல் சேகனுக்கு கிளார்க்கின் ஞாபகம் வந்து, ஒரு பிரதியை அவருக்கே அனுப்பிவைத்தார். இவ்வளவு இருந்தும், 1982-ல் அடுத்த நாவலான ‘2010’-ஐ எழுதியபோது கிளார்க் தன் சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனுக்கே போனார். எழுதியவரே படத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்!

கடைசி அறையில் நாவல் சறுக்குகிறது. படத்தில் ஒளிவெள்ளத்தைக் கடந்த போமன், தரையெல்லாம் வெளிச்சம் பரவிய, பழங்கால அலங்காரமுள்ள ஓர் அறையில் நிற்கிறான். தன்னையே முதியவனாகப் பார்க்கிறான். ஏன், எங்கே, எவ்வளவு காலம் என்று எதுவும் தெரியாது. நாவலில் அது ஒரு ஓட்டல் அறை. அங்கே வாஷிங்டன் தொலைபேசிப் புத்தகம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. உணவுப் பொட்டலங்களுக்குள் ஏதோ நீலப் பண்டம். தொலைக்காட்சியைப் போட்டால் இதே அறை ஒரு நாடகத்தில் வருகிறது. அதைப் பார்த்துத்தான் வேற்றுலகத்தார் அறையைக் கட்டியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ரசித்தேன். ஆனால் புதிர் விடுபட்டதும் அறை வெறும் செட்டாகிவிட்டது. ஹாலுக்கு உள்ளே ஒரு மனசு இருந்தது, திறந்து காட்டினால் இன்னும் நெருக்கமானது. அறைக்கு உள்ளே பொம்மைப் புத்தகங்கள்தான்.

நாவலின் முடிவில், போமன் உருமாறி ஆன நட்சத்திரக் குழந்தை பூமிக்கு மேலே சுற்றும் அணுகுண்டுகளை வெடிக்கவைக்கிறது. படத்தில் குழந்தை பார்க்கிறது, அவ்வளவுதான். குண்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பிடித்தது அதற்கடுத்த வரிகள். உலகத்தையே ஆள்பவன் ஆனாலும் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை, ஏதாவது யோசித்துக்கொள்வான் என்று முடிகிறது. முதல் பகுதியில் குரங்கு மனிதனைப் பற்றி அதே வார்த்தைகளில் சொல்லியிருப்பார். எலும்பு விண்கலமாகும் வெட்டுக்கு ஈடு என்றேனே, இதுதான். படம் நொடியில் தாண்டியதை நாவல் முதல் பகுதியிலிருந்து கடைசிப் பக்கம்வரை காத்திருந்து தாண்டுகிறது.

கிர்பியின் படக்கதைக்கு இவ்வளவு இடம் வேண்டாம். அது பெரிய அளவுப் பதிப்பு, ஆகவே பக்கங்கள் பிரம்மாண்டம். ஒளிவெள்ளக் காட்சிக்கு அவருடைய கறுப்புப் புள்ளிக் கொத்துகளும் வெடிக்கிற வண்ணங்களும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கின்றன. ஆனால் மௌனத்தில் நடக்கிற கதைக்குக் கட்டத்துக்குக் கட்டம் விவரணை எழுதிவிட்டார். குரங்கு மனிதர்கள்கூட ஓயாமல் விவரிக்கப்படுகிறார்கள். அதே தலைப்பில் 1976 இறுதியில் அவர் தொடங்கிய மாத இதழ் 10 இதழ்களோடு நின்றது. அதில் உரிமையோடு சொந்தக் கதைகளைச் சொன்னபோதுதான் கிர்பி சுவாரசியமாகிறார். 2040-ல் நியூயார்க்கில் ஒரு காமிக்ஸ் ரசிகன் காசு கொடுத்து சூப்பர்ஹீரோ வேஷம் கட்டிக்கொள்கிறான். கடைசி இதழ்களில் வரும் எக்ஸ்-51 என்ற ரோபோ பின்னாளில் மெஷின் மேன் ஆகி, மார்வெல் உலகத்திலேயே தங்கிவிட்டது.

புதிதாக வருகிறவருக்கு என் வரிசை: முதலில் படம், கிடைக்கிற மிகப் பெரிய திரையில், தூக்கம் வராத நேரத்தில். உடனே நாவலைத் தொடாமல், அந்த அறை மனசில் நன்றாக ஊறும்வரை சில மாதங்கள் விடுங்கள். அப்புறம் நாவல். அதை முடித்த கையோடு படத்தில் ஹால் அணைகிற பகுதியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். கிர்பி உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்கும் என்றால் மட்டும் படக்கதை, அதுவும் 2040 கதையிலிருந்து.