சொக்கியா பி40ஏ ஆட்டோ லெவல்: புதிதாக சைட்டுக்கு வருகிறவர்களுக்கு எப்படி?

கல்லூரி முடித்து நேராகக் கட்டுமான சைட்டுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, டோட்டல் ஸ்டேஷன் கோர்ஸ் சேரலாமா?" என்பதுதான். தாராளமாகச் சேருங்கள். ஆனால் கோணத்தையும் தூரத்தையும் மின்னணு முறையில் அளக்கும் அந்தக் கருவியில் பட்டனைத் தட்டினால் எண் வந்து விழுந்துவிடும், அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வராது. இடத்துக்கு இடம் உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவலில் கண்ணை வைத்து நீங்கள்தான் படிக்க வேண்டும், நீங்கள்தான் கழிக்க வேண்டும். அதனால் முதல் கருவி ஆட்டோ லெவலாக இருப்பது நல்லது. கோவைப் பக்கம் சரிவான மனையில் நாங்கள் கட்டிய பள்ளிக் கட்டடத்துக்கு ஆபீஸில் வாங்கிக் கொடுத்தது சொக்கியா பி40ஏ. மண் தோண்டியதிலிருந்து பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் வரும் கான்கிரீட் பீம்) வரை அதுதான்.

24 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பும் லெவலிங்குக்கு 2 மி.மீ. துல்லியம் என்பது கம்பெனிக் கணக்கு. இதே வரிசையில் 28 மடங்கு, 32 மடங்கு மாடல்களும் உண்டு. ரோடு, கால்வாய் என்று நீளமாக ஓடுகிறவர்கள் அவற்றைப் பார்க்கலாம். கட்டட வேலைக்கு இது போதும். பேட்டரி கிடையாது, லேசான தூறலுக்கும் கவலையில்லை. 20 செ.மீ. கிட்டத்திலேயே ஃபோகஸ் ஆவது, குறுகலான குழிக்குள் நிற்கும்போதுதான் எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த சர்வேயர் அண்ணன் ஆட்டோ லெவலுக்கு முந்தைய டம்பி லெவல் காலத்து ஆள். உருவம் தலைகீழாகத் தெரியும் கருவியில் படித்தே பழகியவர். "மேடம், குமிழி நடுவுல வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, காலைத் தட்டிப் பாருங்க" என்பார். டிரைபாட் காலை விரலால் லேசாகத் தட்டினால் உள்ளே பிம்பம் ஆடி, பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். பார்வைக் கோட்டைத் தானாகவே மட்டமாக்க உள்ளே தொங்கும் காம்பன்சேட்டர் ஒட்டிக்கொள்ளாமல் தொங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பி40ஏவில் இந்த ஆட்டம் சட்டென்று அடங்கிவிடுகிறது, காற்று அடிக்கிற மனையிலும் ரீடிங் எடுக்க முடிகிறது. உச்சி வெயிலில் மட்டும் எந்த லெவலாக இருந்தாலும் ஸ்டாஃபின் (எதிரே நிறுத்திப் படிக்கும் அளவுக் கம்பம்) கோடுகள் நெளியும். அப்போது தூரத்தைக் குறைத்துக்கொள்வதும், தரையை ஒட்டிப் படிக்காமல் இருப்பதும்தான் வழி.

இதை வாங்குவதற்கு முன் சில நாள் வாடகைக் கருவியை வைத்து ஓட்டினோம். கடை பெயர் வேண்டாம். கருவியின் மேல் 'காலிபரேட் செய்தது' என்று பளபளவென ஸ்டிக்கர் இருந்தது, தேதி மட்டும் இல்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடிக்கச் சொன்னார். சரியாக நடுவில் லெவலை வைத்துப் படித்தால் ஏ ஆணியில் 1.425 மீட்டர், பி ஆணியில் 1.280. வித்தியாசம் 0.145. பார்வைக் கோடு சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் தூரம் ஒன்றுதான், பிழையும் ஒன்றுதான், கழிக்கும்போது போய்விடும். அப்புறம் கருவியை ஏ ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். இப்போது தூரம் சமமில்லை, பிழை இருந்தால் பி ரீடிங்கில் தெரிந்துவிடும். ஏ 1.510. அப்படியானால் பி 1.365 வர வேண்டும். வந்தது 1.373. 50 மீட்டருக்குள் 8 மி.மீ.! அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பி40ஏ வந்ததும் பெட்டியைப் பிரித்து முதலில் செய்தது இதே சோதனைதான். ஒரு மி.மீ. தாண்டவில்லை. இன்றும் வண்டியில் குலுங்கி வந்தால் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

கருவி நன்றாக இருந்தும் ரீடிங் கெட்டுப்போக ஸ்டாஃப் ஒன்று போதும். இழுத்து நீட்டும் அலுமினிய ஸ்டாஃபில் மேல் துண்டு 'க்ளிக்' என்று பூட்டவில்லையென்றால் அங்கேயே சில மி.மீ. போச்சு. பிடிக்கிற பையனை ஸ்டாஃபை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கச் சொல்லுங்கள், தெரிகிற மிகக் குறைந்த ரீடிங்தான் சரி. ஃபீல்டு புக்கில் பேக்சைட் (கருவியை வைத்ததும் உயரம் தெரிந்த புள்ளியில் எடுக்கும் முதல் ரீடிங்) கூட்டலிலிருந்து ஃபோர்சைட் (கருவியை நகர்த்துமுன் எடுக்கும் கடைசி ரீடிங்) கூட்டலைக் கழித்து, முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் உள்ள ஆர்.எல். (கணக்கிட்ட உயரம்) வித்தியாசத்தோடு ஒப்பிடுவோமே, அது கணக்கைத்தான் சரிபார்க்கும். ரீடிங் தப்பா என்று அறிய, தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் தெரிந்த நிலையான புள்ளி) திரும்பிவந்து மூட வேண்டும்.

எங்கள் மேஸ்திரி இந்தக் கருவியை அவ்வளவாக மதிக்கவில்லை. காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து அவர் தூணுக்குத் தூண் போடும் மட்டம், லெவலோடு ஒத்துத்தான் போனது. சாக்கடைக் குழாய் போடும்போதுதான் மனம் மாறினார். 60-க்கு 1 சரிவு, 15 மீட்டர் நீளம், 250 மி.மீ. இறக்கம். குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் என்ன ரீடிங் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததும், "இது நல்லா இருக்கே!" என்றார்.

குறை என்றால், தள வரைபடம் போடுகிற வேலைக்கு இதை நம்ப முடியாது. கிடைமட்ட வட்டம் ஒரு டிகிரிப் பிரிவுகள்தான், மூலையில் செங்கோணம் பிடிக்க 3-4-5 அளவில் முக்கோணமாகப் பிடிக்கும் கயிறே மேல். விலையும் புதிதாகச் சேர்ந்தவர் கைக்காசு போட்டு வாங்கும் அளவில் இல்லை, ஆபீஸைக் கேளுங்கள். வாங்கும்போது பெட்டிக்குள் அட்ஜஸ்ட் செய்யும் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். டிரைபாடும் ஸ்டாஃபும் சேர்த்துத்தான் விலையா என்பதையும் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள்.